சிப்பியின் மேல் போட்ட பழி

தமிழ்நாட்டில் சிப்பி வளர்ப்பு என்று பேச்செடுத்தாலே மதுரையில் பதில் தயாராக இருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு முன்பே செய்து பார்த்துக் கைவிட்ட வேலை அது. தமிழர்கள் சிப்பி தின்ன மாட்டார்கள். தின்னாத பொருளுக்குச் சந்தை ஏது? கடலோ ஆண்டுக்கு ஆண்டு சூடேறுகிறது. அதில் சிப்பிப் படுகையை மீட்கிறேன், பவளப்பாறையை மீட்கிறேன் என்று இறங்குவது பணத்தை நீரில் போடுவது. கடைசியாக ஒன்றையும் சேர்த்துச் சொல்வார்கள்: கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கிறது, இதில் மதுரைக்கு என்ன வேலை?

இந்தத் தீர்ப்பைச் சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. இறால் பண்ணைகள் செய்த நாசத்தைக் கண்டவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். அரசுத் திட்டங்கள் அறிவிப்போடு நின்றுபோனதைப் பார்த்துச் சலித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் தீர்ப்பு தவறு. சிப்பியும் தோற்கவில்லை, கடலும் தோற்கவில்லை, தமிழர் நாக்கும் தோற்கவில்லை. கரையில் இருந்தவர்கள் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டு, பழியைச் சிப்பியின் மேல் போட்டார்கள்.

நடந்தது என்ன? சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1910 வாக்கிலேயே பழவேற்காட்டில் உண்ணும் சிப்பியை வளர்த்துப் பார்த்தார். அது தொடரவில்லை. 1947இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1970களில் தூத்துக்குடியில் அந்த வேலையை மறுபடி கையில் எடுத்தது. அங்கே கே. நாகப்பன் நாயர், எஸ். மகாதேவன் போன்ற ஆய்வாளர்கள் வகுத்த முறை எளிமையானது. நாட்டு ஓட்டின் மேல் சுண்ணாம்பு பூசிக் கழிமுகத்தில் அடுக்கிவைப்பார்கள். இரண்டு மூன்று வாரம் நீரில் மிதந்து திரிந்த சிப்பிக் குஞ்சு கெட்டியான பரப்பைத் தேடி அதில் வந்து ஒட்டும். ஒருமுறை ஒட்டிவிட்டால் தானாக நகராது. சுண்ணாம்புப் பூச்சு இருப்பதால் ஓடும் உடையாது, குஞ்சும் நசுங்காது. லேசாகச் சுரண்டி எடுத்துவிடலாம். பிறகு கம்பு நட்டுச் சட்டம் கட்டி, அதன்மேல் வலைத்தட்டுகளில் குஞ்சுகளை வைத்து, நண்டும் நத்தையும் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தீவனம் கிடையாது. மருந்து கிடையாது. மின்சாரம் கிடையாது. நீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்று சிப்பி தானே வளரும்.

விளைச்சல் எப்படி இருந்தது என்பதுதான் முக்கியம். குளிர்நாட்டுக் கடலில் சந்தைக்கு வர இரண்டிலிருந்து நான்கு வருடம் எடுக்கும் சிப்பி, தூத்துக்குடிக் கடலில் சுமார் ஒரே வருடத்தில் எட்டு ஒன்பது சென்டிமீட்டர் அளவை எட்டியது. தட்டு முறையில் ஹெக்டேருக்கு 120 டன் வரை, சரமாகக் கோத்துத் தொங்கவிடும் முறையில் 80 டன் வரை, ஓட்டோடு சேர்த்து எடுக்கலாம் என்று ஆராய்ச்சி நிலையம் கணக்குச் சொன்னது. குஞ்சு பொரிப்பகத்திலும் அதே ஊரில் வெற்றி கண்டார்கள். ஓட்டையும் சதையையும் பிரிப்பது, அறுவடைக்குப் பின் சுத்தமான நீரில் வைத்துச் சிப்பியின் வயிற்றைக் கழுவுவது என்று ஒவ்வொரு படியும் எழுதப்பட்டு, 1987இல் தனி வெளியீடாகவே வந்தது. இத்தனையும் செய்து காட்டிய ஒரு வேலையைத் தோல்வி என்று எழுத எந்தக் கணக்கிலும் இடம் இல்லை.

தோல்வி என்பவர்களுக்கு இன்னும் பெரிய பதில் மேற்கே இருக்கிறது. தூத்துக்குடியில் உருவான இதே அறிவை அதே நிலையம் 1990களில் கொல்லத்துக்கு எடுத்துப் போனது. அஷ்டமுடிக் காயலில் 1993இல் செய்முறை விளக்கம் தொடங்கியது. தட்டுகூட வேண்டாம் என்று அங்கே முறையை இன்னும் மலிவாக்கினார்கள். பழைய சிப்பி ஓட்டில் துளை போட்டு நைலான் கயிற்றில் கோத்து, மூங்கில் சட்டத்தில் தொங்கவிட்டார்கள்; குஞ்சு அந்த ஓட்டிலேயே ஒட்டி அங்கேயே வளர்ந்தது. மழை இறங்கினால் காயல் நீர் நன்னீராகிச் சிப்பி சாகும் என்பதால் கார்த்திகை மார்கழியில் சரம் கட்டி, தென்மேற்குப் பருவமழைக்கு முன் அறுவடை முடித்துவிடுவார்கள். பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் இதை எடுத்துக்கொண்டன. வடக்கே காசர்கோட்டுப் படன்னையில் இதே வழியில் கல்லுமக்காய் என்ற இன்னொரு சிப்பி வகையின் வளர்ப்பு பரவி, பத்தாயிரம் டன்னைத் தாண்டிய ஆண்டுகளும் வந்தன. குஞ்சுத் தட்டுப்பாட்டால் பிறகு அது இறங்கியதும் உண்மை. ஆனால் இறங்குவதற்கு முன் ஏறியிருக்க வேண்டும் அல்லவா? தமிழ்நாட்டில் ஏறவே விடவில்லை. அஷ்டமுடியின் மட்டி மீன்பிடிப்பு 2014இல் உலக அளவிலான கடல் பாதுகாப்புச் சான்றிதழைப் பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் மீன்பிடிப்பு அதுதான். தூத்துக்குடியில் எழுதப்பட்ட பாடத்தைப் படித்துத் தேறியது கொல்லம்.

உடனே அடுத்த வாதம் வரும். மலையாளி சிப்பி தின்பான், கல்லுமக்காய் தின்பான். தமிழன் தின்ன மாட்டான்.

மதுரையின் கரிமேடு மீன் சந்தையில் ஒரு காலை நேரம் நின்றால் இந்த வாதம் நிற்காது. அங்கே கணவாய் விற்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு வலையில் கணவாய் வந்தால் தூண்டில் இரைக்கு ஒதுக்குவார்கள் அல்லது காயவைப்பார்கள். ஏற்றுமதிக்காரர்கள் விலை வைத்த பிறகு உள்ளூர்க்காரர்களும் அதை வறுத்துத் தின்னக் கற்றுக்கொண்டார்கள். அங்கே ஜிலேபிக் கெண்டை விற்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் 1952இல்தான் இந்தியாவுக்குள் நுழைந்தது. இன்றைக்கு மதுரையைச் சுற்றி அது இல்லாத கண்மாய் இல்லை; அது இல்லாத மீன் கூடையும் இல்லை. அது நாட்டு மீன்களை விரட்டியடித்த பாவி என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. வாதம் நாக்கைப் பற்றியது: எழுபது வருடத்தில் மதுரை நாக்கு முன்பின் தெரியாத ஒரு மீனைத் தன் சொந்த மீனாக்கிக்கொண்டது. வயலிலும் வாய்க்காலிலும் இலவசமாகக் கிடைத்த அயிரையை இன்று விலை கேட்டுத் தயங்குகிற பண்டமாக்கியதும் இதே ஊர்தான். விலையும் கிடைப்பும் பழக்கமும் சேர்ந்தால் சுவை மாறும். கேரளத்திலும் உண்ணும் சிப்பி எல்லா வீட்டிலும் சமைத்த பொருளாக இருக்கவில்லை; ஆவியில் வேகவைத்து ஓடு நீக்கிய சதையைப் பொட்டலம் போட்டு விற்றுத்தான் வாங்குபவரைத் தேடினார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பொட்டலத்தை மதுரைச் சந்தைக்கு யார் கொண்டுவந்தார்கள்? யாரும் கொண்டுவராத பொருளை ஊர் மறுத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

சதை ஒரு பாதிக் கணக்குதான். சிப்பியின் எடையில் பெரும்பங்கு ஓடு. முட்டைக் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நாமக்கல் பண்ணைகளுக்குக் கிளிஞ்சலும் சிப்பித் தூளும் மூட்டை மூட்டையாகப் போகின்றன. சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் அது வேண்டும். இதுவரை இந்தத் தேவையைப் படுகைகளைத் தோண்டித்தான் தீர்த்துவருகிறார்கள். வளர்த்த சிப்பியின் ஓட்டில் ஒரு பகுதியை விற்கலாம். மீதியைத் திரும்பக் கழிமுகத்தில் கொட்டினால் அடுத்த தலைமுறைக் குஞ்சு ஒட்ட அதைவிடச் சிறந்த தளம் கிடையாது. சிப்பிப் படுகையை மீட்பது என்றால் அடிப்படையில் இதுதான். சிப்பியின் மேல் சிப்பி ஒட்டி, அதன்மேல் இன்னொன்று ஒட்டி, மேடாக எழும். அந்த மேட்டின் இடுக்குகளில் நண்டும் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒண்டிக்கொள்ளும்.

அப்படியென்றால் தூத்துக்குடியில் ஏன் நின்றது? நியாயமான கேள்வி. கட்டுரையாளர்கள் பெரும்பாலும் கேட்காமல் விடும் கேள்வியும் கூட.

கடலில் கம்பு நடுகிறவருக்கு அந்த இடத்தின் மேல் என்ன உரிமை என்று எவரும் எழுதிக்கொடுக்கவில்லை. நாளைக்கு இன்னொருவர் வந்து சரத்தை அறுத்துக்கொண்டு போனால் கேட்க வழியில்லை. வங்கியில் கடன் கேட்க அடமானமும் இல்லை. கேரளம் உள்நாட்டு மீன்வளம், நீர்வளர்ப்புக்கென்று 2010இல் சட்டமே கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983ஆம் ஆண்டினது. படகையும் வலையையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. நீரும் கைவிட்டது. சிப்பிப் பண்ணை இருந்த கரப்பாடு ஓடைப் பக்கத்திலேயே 1979இல் தூத்துக்குடி அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அதன் சாம்பல் கரைசலும் சுடுநீரும் அந்தப் பக்கத்துக் கடலில்தான் இறங்கின. வடிகட்டித் தின்னும் உயிருக்கு வடிகட்டச் சாம்பலைக் கொடுத்துவிட்டு, விளையவில்லை என்று அதன் மேல் குறை சொல்வது அநியாயம். திட்டப்பணம் முடிந்ததும் செய்முறை விளக்கமும் முடிந்தது. குஞ்சு தருவது, நீரைச் சோதிப்பது, வாங்கி விற்பது என்று தொடர்ந்து செய்ய ஒரு கை இல்லை. முத்து என்ற பெரிய கனவும் குறுக்கே நின்றது. 1973இல் அதே ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி தலைமையில் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்து உருவானபோது நாடே திரும்பிப் பார்த்தது. நியாயமான பெருமைதான். ஆனால் அதன் வெளிச்சத்தில், மூன்று வேளைச் சோற்றுக்கு வழி சொல்லும் உண்ணும் சிப்பி மங்கிப்போனது. இன்றும் சமவெளி ஊர்களில் சிப்பி வளர்ப்பு என்றால் முத்து விளைந்து பணக்காரர் ஆவது என்றே நினைக்கிறார்கள். அந்த ஆசையை வைத்துப் பயிற்சி என்ற பெயரில் காசு பறிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இனி உண்மையிலேயே கனமான எதிர்ப்புக்கு வருவோம். கடற்கரையில் வளர்ப்பு என்றால் நாசம் என்ற அச்சம்.

இந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. 1990களில் இறால் பண்ணைகள் கிழக்குக் கரையில் விளைநிலத்தை உப்பாக்கின, குடிநீரைக் கெடுத்தன. இராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்த காந்தியர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை இடிக்கச் சொன்னது. அந்தப் போராட்டம் தமிழ்க் கரைக்குச் செய்த உதவி சாதாரணமானதல்ல. ஆனால் இறாலையும் சிப்பியையும் ஒரே தராசில் வைப்பது அந்தப் போராட்டத்தின் பாடத்தையே தப்பாகப் படிப்பது. இறாலுக்குக் குளம் வெட்ட வேண்டும், தீவனம் கொட்ட வேண்டும், மருந்து போட வேண்டும், கழிவை வெளியே விட வேண்டும். சிப்பிக்கு இவற்றில் ஒன்றும் வேண்டாம். அது நீரிலிருந்து எடுக்கிறது. சதையும் ஓடுமாக நாம் அறுவடை செய்யும்போது நீரில் மிகுந்துபோன தழைச்சத்தில் ஒரு பங்கு கரையேறிவிடுகிறது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில், வளர்த்து அறுவடை செய்யும் சிப்பியின் சதையை மாசு குறைக்கும் வழிகளில் ஒன்றாக 2016இல் அதிகாரபூர்வமாகவே கணக்கில் சேர்த்தார்கள்.

இன்னும் பக்கத்து உதாரணம் கடற்பாசி. மண்டபம் கரையில் கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி வளர்ப்பு, ஒரு பெரிய குளிர்பான நிறுவனத்தின் முனைப்பால் 2000களின் தொடக்கத்தில் பரவியது. மீனவப் பெண்களுக்கு அது வருமானம் தந்தது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அதே பாசி குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் படர்ந்து மூச்சை அடைப்பதை மதுரையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கண்டு, 2008இல் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். சிறு அளவு, ஏழைப் பெண்கள், பசுமை என்ற மூன்று நல்ல சொற்களும் இருந்தும் உயிரினத் தேர்வு தவறியது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வளர்ப்பா வேண்டாமா என்பது கிடையாது. எந்த உயிர், யாருடைய கையில், எந்த நீரில் என்பதே கேள்வி. இங்குள்ள உண்ணும் சிப்பி இந்தக் கரையின் சொந்த உயிர். பல கழிமுகங்களில் தானாகவே விளைவது. வெளியிலிருந்து வேகமாக வளரும் வேறு இனத்தைக் கொண்டுவரும் யோசனை எழுந்தால், அதை எதிர்ப்பவர்களின் முன்வரிசையில் சிப்பி வளர்ப்பின் ஆதரவாளர்கள் நிற்க வேண்டும்.

யாருடைய கையில் என்பது அதைவிடக் கூர்மையானது. கடலை வேலி போட்டு நிறுவனங்களுக்கு எழுதிக்கொடுக்கும் முதல் படி இது என்று மீனவர் அமைப்புகள் பயப்படுகின்றன. அந்தப் பயத்தைத் தட்டிக்கழிக்கும் எந்தத் திட்டமும் கரையேறாது, ஏறவும் கூடாது. விடை இல்லாமல் இல்லை. உரிமம் ஊர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ பெண்கள் குழுவுக்கோ மட்டும், குறுகிய காலத்துக்கு, விற்கவோ உள்குத்தகை விடவோ முடியாதபடி, படகுப் பாதையும் கரைவலை இழுக்கும் இடமும் தொடாமல் எழுதப்படலாம். கம்பும் கயிறும்தான் முதலீடு என்னும்போது பெரிய பணத்துக்கு இதில் வேலையும் இல்லை.

பவளப்பாறைக்கு வருவோம். முதலில் ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். உண்ணும் சிப்பி கழிமுகத்து உயிர். நன்னீரும் உப்புநீரும் கலக்கும் கலங்கல் அதற்குச் சம்மதம். பவளம் தெளிந்த கடலின் உயிர். சிப்பியை வளர்த்தால் பவளம் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்பவர்கள் ஆர்வத்தில் எல்லை மீறுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பேசக் காரணம், இரண்டும் ஒரே மாதிரிக் கைகளால் அழிக்கப்பட்டன, இரண்டையும் மீட்பது வீண் என்று ஒரே வாய்கள் சொல்கின்றன என்பதுதான்.

மன்னார் வளைகுடாப் பவளம் வெயிலால் மட்டும் சாகவில்லை. சிப்பி வளர்ப்பைத் தொடங்கிய அதே மகாதேவனும் நாகப்பன் நாயரும், மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் நாளொன்றுக்குச் சுமார் 250 கன மீட்டர் பவளக்கல் வெட்டப்படுவதாக 1972இல் எழுதினார்கள். கட்டடக் கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் கார்பைடு ஆலைக்கும் அது போனது. அப்படிப் பாறை போன பின் அலையைத் தாங்க எதுவும் இல்லாமல் மன்னார் வளைகுடாவின் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கின. 1986இல் 21 தீவுகளோடு தேசியப் பூங்கா அறிவித்தும் வெட்டு உடனே நிற்கவில்லை. 2001இல் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் சேர்ந்து, 2004 ஆழிப்பேரலை கரைக்காரர்களுக்குப் பாறையின் அருமையைக் காட்டிய பிறகே அடங்கியது.

வெட்டு நின்றதும் என்ன ஆனது? இதை யாரும் பேசுவதில்லை. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் தொடர்ந்து எடுத்த கணக்குகளின்படி, உயிர்ப்பவளப் பரப்பு 2005இல் 37 விழுக்காடு. அடுத்த நான்கு ஆண்டுகளில் அது ஏறியது. 2010இல் கடல் சூடேறி வெளிறியபோது சரிந்தது, மறுபடி ஏறியது. 2016இல் பெரிய அடி விழுந்தது. 2021இல் 27 விழுக்காடு. இந்தக் கோட்டைப் பார்த்து அழிவு என்று மட்டும் படிப்பவர், அதில் இரண்டுமுறை எழுந்த உயிரைப் பார்க்கத் தவறுகிறார். வெளிறல் திரும்பத் திரும்ப வரும். 2024இலும் உலகளாவிய வெளிறல் அறிவிக்கப்பட்டது. கரிப்புகை குறையாமல் பவளம் நட்டே கடலைக் காப்பாற்றிவிடலாம் என்று எவரும் நம்ப வேண்டாம். ஆனால் ஒரு வெளிறலுக்கும் அடுத்ததற்கும் நடுவே கிடைக்கும் ஆண்டுகளில் பாறை மீள வேண்டுமானால் வண்டலும் கழிவும் இழுவலையும் விலக வேண்டும். அது மனிதர் கையில் இருக்கும் வேலை.

வான்தீவு இதற்குக் கண்கண்ட சாட்சி. முன்பு 16 ஹெக்டேர் இருந்த அந்தத் தீவு 2015 வாக்கில் இரண்டு ஹெக்டேருக்கும் கீழே தேய்ந்தது. மூழ்கும் மூன்றாவது தீவு என்று எழுதியும் வைத்துவிட்டார்கள். சென்னை ஐஐடியின் வடிவமைப்போடு, துளையிட்ட சரிவகக் கான்கிரீட் கூடுகள் 10,600 அதன் முன்னே வரிசையாக இறக்கப்பட்டன. அலையின் வேகம் தணிந்தது, மணல் சேர்ந்தது, கூடுகளில் மீனும் பவளமும் குடியேறின. 2022இல் தீவு மூன்று ஹெக்டேரைத் தாண்டியிருந்தது. வீண் என்று சொன்ன வேலை ஒரு தீவைத் தக்கவைத்திருக்கிறது. இப்போது காரைச்சல்லித் தீவுக்கும் அதே வழி பின்பற்றப்படுகிறது.

உலகத்தில் மீட்பு வெறும் ஆசையாக இருந்த காலமும் போய்விட்டது. உலகின் சிப்பிப் படுகைகளில் 85 விழுக்காடு அழிந்துவிட்டதாக 2011இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. செசபீக் விரிகுடாவின் பழைய சிப்பிகள் முழு விரிகுடா நீரையும் ஒரு வாரத்துக்குள் வடிகட்டியிருக்கும், மிஞ்சிய சிப்பிகளுக்கு அதற்கே ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும் என்று ஆய்வாளர் ராஜர் நியூவெல் 1988இல் சொன்னார். அதே விரிகுடாவின் ஹாரிஸ் கிரீக் ஓடையில் சுமார் 350 ஏக்கர் படுகையை மறுபடி உண்டாக்கிவிட்டார்கள். நியூயார்க் துறைமுகத்தின் கதை மதுரைக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே கடைசிச் சிப்பிப் படுகைகளை 1927இல் மூடியதற்குக் காரணம் நகரத்துச் சாக்கடை. சிப்பி தின்றவர்களுக்கு நச்சுக்காய்ச்சல் வந்தது. இன்று அங்கே கோடிக்கணக்கில் சிப்பி விதைக்கிறார்கள். நீரைச் சுத்தமாக்கவும் அலையைத் தணிக்கவும்தான், தின்பதற்கு இல்லை. சாக்கடை விட்டுப்போன நஞ்சு நூறு வருடம் கழித்தும் தட்டில் உட்கார விடவில்லை.

மதுரைக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு இங்கிருந்துதான் பதில் தொடங்குகிறது. கடலும் மதுரையும் அந்நியமானவை என்பது சமீபத்திய நினைப்பு. கீழடியில் சங்கு வளையல் கிடைத்தது. திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள் கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சில் மின்னுகின்றன. வைகை இராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டி ஆற்றங்கரை என்ற ஊரில் பாக் நீரிணையில் கலக்கிறது. அதன் பக்கத்தில்தான் பழைய துறைமுகமான அழகன்குளம். அந்த ஆற்றங்கரைக் கழிமுகத்தில் உண்ணும் சிப்பிக் குஞ்சுகள் ஒட்டுவதைக் கவனித்து மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் எழுதிய கட்டுரை 1980களின் தொடக்கத்தில் அச்சேறியது. வைகையின் வாயில் சிப்பி விளைகிறது என்பது அறிவியல் பதிவில் இருக்கும் செய்தி. மதுரையில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

சிப்பிக்கு அங்கே வேண்டியது இரண்டு: மழைக்காலத்தில் கொஞ்சம் நன்னீர், அந்த நன்னீர் நஞ்சாக இல்லாமல் இருப்பது. பல ஆண்டுகளில் வைகை கடலை எட்டுவதே இல்லை; மணல்மேடு வாயை அடைத்துக்கொள்கிறது. எட்டும் ஆண்டில் முதல் வெள்ளம் எதைக் கொண்டுபோகிறது? பந்தல்குடி வாய்க்கால் வைகையில் கொட்டும் சாக்கடை ஆற்று மணலில் மாதக்கணக்கில் தேங்கிக் கிடக்கிறது. வெள்ளம் அதை வாரிக்கொண்டு கிளம்புகிறது. கிருதுமால் நதி சாக்கடையாகவே மாறிவிட்டது. வடிகட்டித் தின்னும் சிப்பி நீரில் உள்ள கிருமியையும் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். ஆகவே ஆற்றங்கரைப் பெண் ஒருத்தி வளர்க்கும் சிப்பியைத் தின்னலாமா கூடாதா என்பதில் மதுரை மாநகராட்சிக்குப் பங்கு உண்டு. இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளின் வழக்குகள் வருவதும் ஒத்தக்கடை அருகே 2004இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளைக்குத்தான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் புதுமடத்தில் கடலோரக் களநிலையம் இருக்கிறது. கடல் தூரம் என்று சொல்லும் நகரத்தின் கையில் சாக்கடையும் நீதிமன்றமும் சந்தையும் பல்கலைக்கழகமும் இருக்கின்றன.

பெரிய திட்டம் ஒன்றும் முதலில் தேவையில்லை. ஆற்றங்கரை முகத்துவாரத்தில், தேசியப் பூங்கா எல்லைக்கு வெளியே, ஊர்ச் சங்கத்தின் சம்மதத்தோடு நூறு ஓட்டுச் சரங்கள் கட்டலாம். எந்த மாதத்தில் எவ்வளவு குஞ்சு ஒட்டுகிறது, உப்பு எவ்வளவு ஏறி இறங்குகிறது, நீரில் கிருமி எவ்வளவு என்று மாதந்தோறும் எழுதலாம். மண்டபத்தில் ஆராய்ச்சி நிலையமும் புதுமடத்தில் மாணவர்களும் இருக்கும்போது சோதிக்க ஆள் தேட வேண்டாம். நீர் தகுதியில்லை என்று தெரிந்தால் அந்தக் கணக்கை மாநகராட்சியின் மேசையில் வைக்கலாம். அதுவரை அங்கே வளரும் சிப்பி விற்பனைக்குப் போகாமல் படுகையாக நிற்கட்டும். நீர் தகுதி என்றால், கழுவி வேகவைத்த சதையின் முதல் பொட்டலங்கள் கரிமேட்டுக்கு வரட்டும். அதற்கு மாவட்ட நிர்வாகம் தர வேண்டியது அனுமதிக் கடிதம் ஒன்றும், சங்கத்தின் பெயரில் மூன்று வருட உரிமமும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர் மறுபடி உப்பேறும் தை மாதத்தில் சரம் கட்டத் தொடங்கலாம்.